மஞ்சள் வரிகள்

ஆப்பை ஓட்டியதும்
கன்சோல் கடுகாய்ப் பொரியத் தொடங்கும்.
"இந்த முறை வழக்கொழிந்தது.
அடுத்த பதிப்பில் இருக்காது."
நான் எழுதிய முறையல்ல அது.
நான் அழைத்ததும் இல்லை.
வரைபட லைப்ரரி
தன் வயிற்றுக்குள் தானே அழைத்து
தன்னைத் தானே கண்டித்துக்கொள்கிறது,
என் கூடத்தில் நின்று.

நோல்சோய்க்குப் போகும் படகை
நீலப் புள்ளியாய்த் திரையில் நகர்த்துவது என் வேலை.
புள்ளி ஓர் அங்குலம் நகர்வதற்குள்
நானூற்றுப் பதினாறு எச்சரிக்கை.
எண்ணினேன்.
நவம்பர் கடைசியில் தோர்ஷாவ்னில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்,
எண்ண நேரம் இருந்தது.

'படகு கிளம்பியது' என்று
நான் எழுதவைத்த என் சொந்த வரி ஒன்று
அந்த மஞ்சளில் எங்கே புதைந்ததென்று
தினமும் தோண்டவேண்டும்.

எதிர்மேசை ஹனுஸ்
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சொன்னான்:
"எல்லாவற்றையும் அடக்கு."
ஒரே ஒரு வரி கோட் அனுப்பினான்.
ஒட்டினேன்.

அப்படி ஓர் அமைதி.
புயல் நின்றபின்
கூரைமேல் புல் நிமிர்வது
காதில் விழுமே, அப்படி.
குளிர்காலம் முழுக்க
விருந்தாளிக்குத் திறந்து காட்டலாம்போல
துடைத்துவைத்த கன்சோல்.

மார்ச் கடைசி ஞாயிறு.
தீவின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே குதித்தன.
என் ஆப் குதிக்கவில்லை.

திங்கள் காலை
எட்டு மணிப் படகை ஏழு என்றது.
ஏழுக்கே வந்து நின்றார்கள் பதினோரு பேர்,
பனியும் மழையும் கலந்த ஏதோ ஒன்றில்.
ஒருவர் மேலங்கிக்குள் பிறந்தநாள் கேக்.
ஒருத்தி செல்லோவோடு.

அவள்தான் அழைத்தாள். பெயர் டுரிட்.
திட்டுவாள் என்று நாற்காலி நுனியில் இருந்தேன்.
"படகு தவறவில்லை" என்றாள்,
"ஆனால் செல்லோவுக்கு நனையப் பிடிக்காது."
வைத்துவிட்டாள்.

ஹனுஸின் வரியை எடுத்தேன்.
மடை திறந்தது.
அந்த வெள்ளத்தில், மேலிருந்து இரண்டாவதாய்,
நேரம் பார்க்கும் இன்னொரு லைப்ரரியின் மெல்லிய குரல்:
"நேர மண்டலம் கிடைக்கவில்லை.
பூஜ்ஜியம் என்று கொள்கிறேன்."

குளிர்காலத்தில் எங்கள் நேரம் பூஜ்ஜியம்தான்.
நான்கு மாதம்
தவறு சரியாகவே இருந்தது.
நான்கு மாதமும், ஆப் கண்விழித்த போதெல்லாம்,
ஒரே முறை, கத்தாமல்,
அது சொல்லியிருக்கிறது.
நானூற்றுப் பதினாறு வாயைக் கட்டிய கயிற்றிலேயே
அதன் வாயையும் கட்டியிருக்கிறேன்.

திருத்த இரண்டு நிமிடம்.
கேக் என்ன ஆனதென்று
இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு பெயர் சொல்லி அடக்கினேன்.
இந்த லைப்ரரி.
இந்த வாக்கியம்.
இந்தப் பதிப்பு வரை.
மேலே ஒரு குறிப்பு: ஏன் அடக்கினேன்,
எப்போது வந்து மறுபடி பார்ப்பேன்.
"ஒரு வரிக்குப் பதில் பத்தொன்பதா?"
ஹனுஸ் கேட்டான்.
"எண்ணினாயா?" என்றேன்.

வரைபட லைப்ரரியை எழுதியவருக்கும் ஒரு கடிதம்.
லுப்லியானாவில் இருக்கிறாராம்,
பகலில் வேறு வேலை, இரவில் இது, காசு கிடையாது.
பதில் போட்டார்:
"தெரியும். மன்னிக்கவும்.
நானும் அதை அடக்கித்தான் வைத்திருக்கிறேன்."

இன்று துறைமுகத்தில் மூடுபனி.
படகு எங்கேயோ ஊதுகிறது.
கன்சோலில் ஒரே ஒரு மஞ்சள் வரி,
நேற்று இல்லாதது.
படிக்கிறேன்.
புரியவில்லை.
காபியைத் தள்ளி வைத்துவிட்டு
மறுபடி, முதல் சொல்லிலிருந்து.